சேம்சைடு உலகநாதன்

படத்தை இரண்டு விரல்களால் இழுத்துப் பெரிதாக்கிய உலகநாதன், அதில் தன் பெயரைக் கண்டதும் கைப்பேசியைக் குப்புறக் கவிழ்த்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். கவிழ்த்து வைத்தால் பெயர் தானாகக் கொட்டிப் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, சற்றுப் பொறுத்து நிமிர்த்திப் பார்த்தார். கொட்டவில்லை. அங்கேயேதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

அது, வருகிற ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் கட்டப்போகிற ஃப்ளெக்ஸ் பேனரின் மாதிரி. மேலே, ‘கொரட்டூர் லேக்வியூ கால்பந்துக் கழகம்’. அதன் கீழே, ‘நம் வரலாற்றை எழுதிய நான்கு ஆட்டங்கள்’. ஒரு ஓரத்தில் மாலையிட்ட பிரகாசத்தின் படம். கழகத்தின் பழைய கோல்கீப்பர். போன மாதம் இறந்துபோனான். நடுவில் நான்கு கட்டங்கள்.

முதல் கட்டத்தில், கடன் வாங்கிய பூட்ஸைப் போட்டுக்கொண்டு பெரம்பூர்க்காரர்களை வென்ற ஆட்டம். இரண்டாவதில், பந்து ஏரிக்குள் போய்விட, ஒருவர் நீந்திப்போய் எடுத்துவந்து மிச்சத்தை ஆடி முடித்த ஆட்டம். நான்காவது, சமீபத்தில் பெனால்டியில் வென்றது. மூன்றாவதில்தான் உலகநாதன் இருந்தார். ‘1996 இறுதிப் போட்டி. ஆவடியிடம் தோல்வி. கடைசி நிமிடத்தில் கே. உலகநாதன் அடித்த சேம்சைடு கோல்.’ பக்கத்தில் அந்தக் காலத்துப் படம் வேறு. அடர்ந்த மீசையும், எதிர்காலத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு சிரிப்பும்.

கழகச் செயலாளர் அலெக்ஸுக்கு போன் போட்டார்.

"அண்ணாத்தே! பேனர் பார்த்தீங்களா? சோக்கா கீதுல்ல?"

"அந்த மூணாவது கட்டத்த எடுத்துடுப்பா."

"இன்னாண்ணாத்தே, அதான் மெயின் மேட்சே! அதுல தோத்ததுக்கு அப்பாலதான் ஆவடிக்காரனுங்கள ஜெயிக்கணும்னு நம்மாளுங்களுக்கு வெறியே வந்துச்சு. அந்த வெறியிலதான் கிளப்பே ஓடிச்சு. நீங்க மட்டும் அந்த கோலைப் போடலைன்னா நாங்கல்லாம் இன்னிக்குக் கேரம் போர்டுதான் தட்டிகினு இருந்திருப்போம்."

அலெக்ஸ் கேலி செய்யவில்லை. அந்த ஆட்டம் நடந்தபோது அவன் தொட்டிலில் கிடந்தவன். அவனுக்கு அது உண்மையிலேயே ஒரு பெருமை. அதுதான் உலகநாதனுக்கு இன்னும் வலித்தது.

சொந்த அணியின் வலைக்குள்ளேயே போன அந்த ஒரு கோலுக்குப் பிறகு கொரட்டூரில் அவருக்கு வேறு பெயரே இல்லை. தபால்காரர்கூட, "சேம்சைடு சார், ரிஜிஸ்டர் போஸ்ட்டு" என்று கூப்பிட்டார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவர் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு உருப்படி கோணலாக வந்தாலும், "சேம்சைடு கை வெச்சாரா?" என்பார்கள். தொலைக்காட்சி விவாதங்களில் யாராவது ஒரு அரசியல்வாதி, தன் கட்சிக்காரரைப் பார்த்துச் ‘சேம்சைடு கோல்’ என்று சொல்லிவிட்டால் போதும், உலகநாதன் எழுந்து போய் மின்விசிறியையும் சேர்த்து அணைத்துவிடுவார்.

மைதானத்துப் பக்கம் போவதையே விட்டார். மைதானத்திலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களையும் விட்டார். முதலில் விட்டது பிரகாசத்தை.

சின்ன வயசிலிருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள் அவர்கள். பிரகாசம் கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்பான். உலகநாதன் அவனுக்கு முன்னால், வருகிற பந்தைத் தடுக்கிற ஸ்டாப்பராக நிற்பார். முதுகுக்குப் பின்னால் அவன் இருக்கிறான் என்ற தைரியத்திலேயே பாதி ஆட்டம் ஆடிவிடுவார். அந்த முதுகுப் பக்கத்துக்கே பந்தை அனுப்பிவிட்ட பிறகு, எந்த முகத்தோடு அவனைத் திரும்பிப் பார்ப்பது?

தோற்ற மறுநாள் சாயங்காலமே பிரகாசத்தின் சைக்கிள் மணி வாசலில் ஒலித்தது. உலகநாதன் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த வரலட்சுமி வாசலுக்குப் போனாள்.

"அவரு ஊட்ல இல்லீங்க." கணவனுக்காக அவள் சொன்ன முதல் பொய் அது.

"ஒரு விஷயம் சொல்லணும்மா அவன்கிட்ட."

"என்கிட்ட சொல்லுங்கண்ணே, சொல்லிடறேன்."

"இல்லம்மா, இது நேர்ல சொல்றது. நான் அப்பால வரேன்."

அந்த விஷயம் என்னவென்று உலகநாதனுக்குத் தெரியும். ‘பரவாயில்லடா’ என்பான். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அந்த மனுஷன் தோளில் கையைப் போட்டு, ‘வுடு மச்சான், பரவாயில்ல’ என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் எப்படி உயிரோடு இருப்பது?

பிரகாசம் அப்பால வந்தான். வந்துகொண்டே இருந்தான். பிறகு மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். விடுமுறையில் வரும்போதெல்லாம் ஒரு பால்பவுடர் டப்பாவோடு வாசலில் நிற்பான். வரலட்சுமி டப்பாவை வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவாள். அந்த டப்பாக்களில்தான் அவர்கள் வீட்டுத் துவரம்பருப்பும் கடுகும் மிளகாயும் இன்றுவரை குடியிருந்தன. அடுப்படிக்குப் போனாலே உலகநாதனுக்கு அந்த வரிசை முகத்தில் அடிக்கும்.

கடைசியாக அவன் வந்தது தடியூன்றிக்கொண்டு. மஸ்கட்டை முடித்துக்கொண்டு நோயோடு திரும்பியிருந்தான். வரலட்சுமி வழக்கம்போலச் சொல்லி முடிக்கவும், உள்ளே பீரோ மறைவில் உலகநாதனுக்கு இருமல் வரவும் சரியாக இருந்தது.

"உள்ள யாரோ இருமுறாப்புல கீதே?"

"அது… டி.வி.ங்கண்ணே."

பிரகாசம் சிரித்தான். "டி.வி.க்கு மருந்து வாங்கிக் குடும்மா. ஞாயித்துக்கிழமை வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. அமரர் ஊர்தியில் படுத்துக்கொண்டு ரயில்வே கேட்டைத் தாண்டிப் போனான். உலகநாதன் ஒரு டீக்கடைப் பந்தலுக்குப் பின்னால் நின்று, போகிற வண்டியின் முதுகை மட்டும் பார்த்தார். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் பின்னால் நடந்து போனார்கள். அவரால் அந்தக் கூட்டத்தில் போய்க் கலக்க முடியவில்லை.

வருகிற ஞாயிறு முப்பதாம் நாள். காலையில் மாதா கோயிலில் பூசை, சாயங்காலம் மைதானத்தில் பிரகாசம் நினைவு ஆட்டம். இதற்காவது போக வேண்டும், அவன் படத்துக்கு முன்னால் போய் நிற்க வேண்டும், ‘மன்னிச்சுக்கோடா’ என்று ஒரு வார்த்தையாவது சொல்ல வேண்டும் என்று உலகநாதன் முடிவு செய்திருந்தார். அந்தப் படத்துக்குப் பக்கத்திலேயே இந்தக் கட்டம் இருந்தால்?

"சரிப்பா. ஆட்டம் இருக்கட்டும். என் பேரையும் படத்தையும் மட்டுமாவது எடுத்துடு. ‘ஒரு தடுப்பாட்டக்காரர்’னு போடு."

அலெக்ஸ் நல்ல பையன். உடனே மாற்றி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான்.

வினை அங்கேதான் ஆரம்பித்தது. பெயர் இருந்தவரை அது எல்லோருக்கும் தெரிந்த பழங்கதை, யாரும் கண்டுகொள்ளவில்லை. பெயர் போனதும் அது புதிர் ஆகிவிட்டது. ‘யார் அந்தத் தடுப்பாட்டக்காரர்?’ என்று ஒரு பொடியன் குழுவில் கேள்வி போட்டான். ‘சொல்பவருக்கு நினைவு ஆட்டத்தன்று பிரியாணி’ என்றான் இன்னொருவன். ஊருக்குப் புதிதாகக் குடிவந்த அடுக்குமாடிக்காரர்கள்வரை துப்புத் துலக்கக் கிளம்பிவிட்டார்கள். தெருமுனைக்குப் புதிதாக வந்த இஸ்திரிக்காரர் சட்டையை மடித்துக் கொடுத்துக்கொண்டே, "சார், அது நீங்களாமே? இத்தினி நாளா சொல்லவே இல்லியே!" என்றார், விருது வாங்கியவரைக் கேட்பதுபோல.

புதியவர்களில் பாதிப் பேருக்குச் சந்தேகம் ஜாக்சன்மேல் போனது. அவரும் அந்த அணியில் தடுப்பாட்டக்காரர்தான். ஜாக்சனின் குரல்பதிவு குழுவில் வந்து விழுந்தது.

"டேய்! என் பேரப்புள்ள கேக்குறான்டா, தாத்தா நீயா சொந்த கோல்லயே போட்டன்னு! போட்டது சேம்சைடுடா! ஊருக்கே தெரியும்! இப்போ பேரை எட்த்துட்டு ஊட்ல குந்திகினு கீறானே, அவன்லாம் ஒரு ஆளா? செத்தவன் மூஞ்சியக்கூட வந்து பாக்காத ஆளு!"

கடைசி வரியைக் கேட்டதும் உலகநாதன் கைப்பேசியை மறுபடி கவிழ்த்து வைத்தார்.

"ஏங்க, கம்முனு வுட்டுடுங்களேன்," என்றாள் வரலட்சுமி.

விட்டிருக்கலாம். ஆனால் அன்று மாலையே அவர் அம்பத்தூரில் அந்த பேனரை அடிக்கிற கடைக்குப் பேருந்து ஏறிவிட்டார்.

கடைக்காரர் வேம்புலியின் கணினித் திரையில் எந்நேரமும் ஒரு கண்ணீர் அஞ்சலியும் ஒரு காதுகுத்தும் அக்கம்பக்கமாகத் திறந்திருக்கும். அழுகிற குடும்பத்துக்கும் சிரிக்கிற குடும்பத்துக்கும் மாறி மாறித் தலையாட்டிப் பழகிய முகம் அவருக்கு.

"இந்த ஆட்டம் கீட்டம் எதுவும் வேணாம்பா. பழைய படம் ஒண்ணு, பேரோட இருந்துச்சே, அதையும் சுத்தமா கட் பண்ணிடு. மாலை போட்ட படத்தைப் பெருசா நடுவுல வெச்சு, கண்ணீர் அஞ்சலின்னு மட்டும் போடு. அது போதும்."

"அலெக்ஸு இன்னா சொல்வாரு?"

"நான் சொல்லிக்கிறேன்."

வேம்புலி தலையாட்டினார். அப்போது காதுகுத்துக் குடும்பம் உள்ளே வந்து, தாய்மாமன் படம் சின்னதாக இருக்கிறது என்று சண்டை பிடித்தது. அந்தச் சண்டைக்கு நடுவேதான் வேம்புலி இங்கே ஒரு படத்தை வெட்டினார், அங்கே ஒரு படத்தை ஒட்டினார்.

மறுநாள் காலை உலகநாதன் முகத்தில் நுரையைப் பூசிக்கொண்டு சவரத்துக்கு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஜாக்சன் இறங்கினார். கையில் ரோஜா மாலை. மைதானத்து முகத்தைக் கண்டதும் வரலட்சுமியின் வாய், அவளைக் கேட்காமலே, முப்பது வருஷத்துப் பாடத்தை ஒப்பித்தது.

"அவரு ஊட்ல இல்லீங்க."

ஜாக்சன் மூக்கை உறிஞ்சினார். "தெரியும்மா. தெரிஞ்சுதாம்மா வந்தேன்."

"எப்போ வருவாருன்னு தெரியாதுங்க."

"ஐயோ!" என்று ஜாக்சன் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "எப்படிம்மா இத்தினி தைரியமா பேசற?"

வரலட்சுமி விழித்தாள். "வந்தா எதுனா சொல்லணுமா?"

"இனிமே யார்கிட்டம்மா சொல்றது! நேத்துக்கூட அவனை அசிங்கமா திட்டி வாய்ஸ் போட்டேன். அதைக் கேட்டுத்தான் மனசு வெடிச்சிப் போயிட்டான்." மாலையைக் கட்டிக்கொண்டு அழுதார். "அவன மாரி ஒரு ஸ்டாப்பர் இந்த ஊர்ல பொறக்கலம்மா. எத்தினி மேட்சு நிறுத்திகிறான்! அதெல்லாம் வுட்டுட்டு அந்த ஒரு கோலையே சொல்லிச் சொல்லி அவனைச் சாவடிச்சிட்டோம். பிரகாசம் ஒர்த்தன்தான் கடைசி வரைக்கும் அவனை வுட்டுக் குடுக்காம பேசுவான். இப்போ ரெண்டு பேரும் மேல போய் ஒண்ணா ஆடினு இருப்பானுங்க."

கதவுக்குப் பின்னால் நின்ற உலகநாதனுக்குக் கண்ணீர் நுரையோடு கலந்து வழிந்தது. தான் இறந்துபோனால் யாராவது இப்படி ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று அவர் நினைத்ததே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் செத்தே இருக்கலாம் என்றுகூட ஆசையாக இருந்தது. ஆனால் ஜாக்சன் நெஞ்சில் அடித்துக்கொள்ள ஆரம்பித்ததும் பொறுக்க முடியாமல், வெள்ளை நுரை முகத்தோடு வெளியே வந்தார்.

"ஜாக்சா…"

ஜாக்சன் போட்ட அலறலில் எதிர்வீட்டு நாய் வீட்டுக்குள் ஓடியது.

சிலுவை போட்டு, தொட்டுப் பார்த்து, தண்ணீர் குடித்து, உலகநாதன் உயிரோடுதான் இருக்கிறார் என்று உறுதியானதும் ஜாக்சனுக்கு வந்ததே கோபம்!

"ஸ்டேஷனாண்ட இம்மாம் பெரிய பேனரு கட்டிகிது! ‘எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திச் சென்ற கே. உலகநாதன்’னு! நான் அங்கியே மாலை வாங்கினு ஓடியாரேன்!" மாலையை அவர் கையில் திணித்தார். "வெச்சுக்கோ. கூடிய சீக்கிரம் ஒதவும்."

போன் போட்டால், வேம்புலி தலையில் அடித்துக்கொண்டார். "கட் பண்ணதும் நீங்க, பேஸ்ட் ஆனதும் நீங்க சார்! அந்தக் காதுகுத்துப் பார்ட்டி பண்ண பேஜாரு…"

அதற்குள் வீட்டு முன்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. வந்தவர்கள் எல்லோரும் துக்கம் கேட்கத் தொடங்கி, ஆளைப் பார்த்துத் திகைத்து, பிறகு, "அந்த சேம்சைடு சமாசாரம் இன்னாங்க? பேனர்ல பார்த்தோம்" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். கே. உலகநாதன் என்ற பெயருக்குக் கீழே, பழைய கட்டத்திலிருந்து வெட்டும்போது கூடவே வந்துவிட்ட ஒரு வரி இருந்ததாம்: ‘சேம்சைடு கோல்’. படித்த பட்டம்போல.

அலெக்ஸ் வந்து பேனரைக் கழற்றினான். "அண்ணாத்தே, நான் பழையபடியே நாலு கட்டமும் போட்டுடறேன். நீங்க கைய வெக்காம இருந்தா அதுவே போதும்," என்று கும்பிட்டான்.

அவர் கையை வைக்காமல்தான் இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் வேம்புலியே கூப்பிட்டு, "சார், உங்களுக்குப் பெரிய பாவம் பண்ணிட்டேன். அலெக்ஸு ஃபைலு அனுப்பிட்டாரு, அடிக்கப் போறேன். உங்களுக்கு எதுனா மாத்தணுமா? என்னால முடிஞ்சது," என்றார். பாவத்தைக் கழுவுகிற குரல்.

உலகநாதன் யோசித்தார். பெயர் இருந்தால் அவமானம். பெயர் இல்லாவிட்டால் புதிர். ஆட்டமே இல்லாவிட்டால் சாவு. மிச்சம் இருந்தது ஒரே வழி. அதைச் சொல்லும்போது அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

"சேம்சைடுன்னு இருக்கிற இடத்துல… ஆவடிக்காரங்க அடிச்ச கோல்னு போட்டுடறியா?"

"போடலாம் சார். ஆனா பேரு வேணும். பேரு இல்லன்னா மறுபடியும் கேப்பானுங்க."

ஆவடி அணியில் அவருக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான். அன்று அந்தச் சேற்றில், கார்னரிலிருந்து பந்து வந்தபோது, அவரோடு தோளும் தோளும் இடித்துக்கொண்டு பாய்ந்தவன். ஒல்லியாக, உயரமாக, முதுகில் ஒன்பது. இருவரும் சேற்றில் விழுந்தார்கள், நிமிர்ந்தபோது பந்து வலைக்குள் இருந்தது, ‘சேம்சைடு!’ என்று மைதானமே கத்தியது.

"செங்கல்வராயன்," என்றார் உலகநாதன். அந்த ஆள் இந்நேரம் எங்கே இருக்கிறானோ. அவனுக்கு ஒரு கோல் கிடைத்தால் என்ன நஷ்டம்? பிரகாசத்தின் முன்னால் ஒரே ஒருநாள் தலைநிமிர்ந்து நின்றுவிட்டு வந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, வரலட்சுமியோடு அவர் மைதானத்துக்குள் நுழைந்தார். கழகத்துக்கு லேக்வியூ என்று பெயர் வைத்தபோது அங்கிருந்து ஏரி தெரிந்தது. இப்போது அடுக்குமாடிகள்தான் தெரிந்தன. கோல் கம்பங்கள் மட்டும் அதே இடத்தில் இருந்தன. வடக்குப் பக்கத்துக் கம்பத்தைப் பார்க்காமல் நடந்தார்.

பிரகாசத்தின் மனைவி ஹெலினா எழுந்து வந்தாள். "வந்துட்டீங்களாண்ணே," என்றாள். அவ்வளவுதான். சாவுக்கு ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. அவர் கையில் ஒரு செவ்வந்திப் பூவைக் கொடுத்தாள்.

பூவோடு படத்தின் முன்னால் போய் நின்றார். கீப்பர் கையுறையோடு எடுத்த பழைய படம். வாயைத் திறந்தார். ‘மன்னிச்சுக்கோடா’ என்பதில் முதல் எழுத்து வருவதற்குள் பின்னாலிருந்து ஜாக்சனின் குரல் வெடித்தது.

"டேய் அலெக்ஸு! இன்னாடா எழுதி வெச்சிகிற? ‘ஆவடி செங்கல்வராயன் அடித்த கோல்’னு! வரலாறையே மாத்திட்டியாடா?"

"நான் எழுதல மாமே! சத்தியமா நான் அனுப்பினது வேற!"

"அப்போ யாரு? ஆவடிக்காரன் வந்து எழுதிட்டுப் போனானா?"

அந்த நேரம் பார்த்து மைதான வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பட்டுப்புடவையில் ஒரு அம்மாள், மகன், மருமகள், குழந்தைகள் என்று ஒரு குடும்பமே இறங்கியது. கடைசியாக ஒரு உயரமான மனிதர், புதுவேட்டி தடுக்க, காலை லேசாகச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தார். நேராக பேனருக்குப் போய் மூன்றாவது கட்டத்தின் முன்னால் நின்றார். பேத்தி படம் எடுத்தாள். அவர் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தார்.

செங்கல்வராயனை உலகநாதனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. வேம்புலியின் கடையிலிருந்து பேனர் எப்படியோ வாட்ஸ்அப்பில் ஆவடிக்குப் போயிருக்கிறது. பொய்யாகத் தன் பெயரை எழுதியதற்கு நியாயம் கேட்கக் குடும்பத்தோடு வந்துவிட்டான்.

"யாருன்னு இப்போ தெரிஞ்சாகணும்!" என்று ஜாக்சன் அலெக்ஸின் சட்டையைப் பிடித்தார். "பிரகாசம் பேர்ல நடக்கிற மேட்சுல பொய்யாடா எழுதறீங்க?"

அந்தச் சொல் உலகநாதனைத் தூக்கிப் போட்டது. படத்தைப் பார்த்தார். பிரகாசம் கையை விரித்துக்கொண்டு, எது வந்தாலும் பிடித்துக்கொள்கிறேன் என்பதுபோல நின்றான். அவர் நேராக மேடைக்குப் போய் மைக்கை எடுத்தார்.

"அலெக்ஸ வுடு ஜாக்சா. நான்தான் மாத்தச் சொன்னேன்." மைக் ஒருமுறை கூவி அடங்கியது. "அந்த கோலை யாரும் அடிக்கல. நான் போட்டதுதான். சேம்சைடு. அந்த வெக்கத்துல இந்த மைதானத்துக்கே வராம இருந்தேன். என் சிநேகிதன் ஊடு தேடி வந்தப்பல்லாம் ஒளிஞ்சிக்கினேன். அவன் சாவுக்கும் வரல. இன்னிக்கு அவன் முன்னாடி நிக்கறதுக்காகப் பொய்யெழுத வெச்சேன். பிரகாசம், என்னை மன்னிச்சுக்கோடா. அது என் கோல்தான்."

ஜாக்சன் அலெக்ஸின் சட்டையை விட்டுவிட்டு, அதைத் தடவிச் சரிசெய்தார். முப்பது வருஷமாக நெஞ்சில் கிடந்த கல்லை உருட்டிவிட்டதுபோல உலகநாதனுக்கு உடம்பு லேசானது.

"யோவ்! அது உன் கோல் இல்லய்யா!"

சாய்ந்து சாய்ந்து மேடை ஏறிக்கொண்டிருந்தார் செங்கல்வராயன்.

"மன்னிச்சிடுங்க சார்," என்று உலகநாதன் கைகூப்பினார். "உங்க பேரைத் தெரியாம போட்டுட்டேன். அது என் கோல்தான்."

"என்னுது!"

"இல்ல சார், என்னுது. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு இன்னா தெரியும்? என் முட்டியில பட்டு உள்ள போச்சு. இதோ, இந்த முட்டி!" வேட்டியை உயர்த்தி முட்டியைக் காட்டினார்.

"சார், சமாதானத்துக்காகச் சொல்லாதீங்க. அது என் கோல்யா!" என்று உலகநாதன் கத்தியே விட்டார். வாழ்நாளெல்லாம் எதை விட்டு ஓடினாரோ அதை யாரோ பிடுங்கவந்ததுபோல இருந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஜாக்சன், "உஸ்!" என்றார்.

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. "நான் கத்தினேன் சார், என் கோலு என் கோலுன்னு. எங்க டீமுக்காரனே நம்பல. ஜெயிச்சாச்சு, யாரு போட்டா இன்னாடான்னு தூக்கிகினு ஆடினானுங்க. அந்த கோல் என் பேர்ல இருந்திருந்தா கம்பெனி டீம்ல எடுத்து நல்ல வேலை தர்றதா இருந்தாங்க. சேம்சைடுன்னு எழுதிட்டாங்க, வுட்டுட்டாங்க. வாட்ச்மேனாவே ரிட்டையர் ஆயிட்டேன். என் ஒரே கோலை எட்த்துகினு போயிட்டானேன்னு உன்மேல எத்தினி நாள் எரிஞ்சிகிறேன், தெரியுமா? நேத்து என் பேத்தி இதைக் காட்டினா. படிச்சிட்டு அழுதேன். சரி, உங்க கீப்பர் சாகறதுக்கு முன்னாடி எப்படியோ உங்ககிட்ட சொல்லிட்டாருன்னு நெனச்சேன்."

"எந்தக் கீப்பரு?" உலகநாதன் கையிலிருந்த பூ நழுவியது. "பிரகாசமா? அவன் பார்த்தானா?"

செங்கல்வராயன், மாலையிட்ட படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அவரு ஒர்த்தருதான் சார் பார்த்தாரு, அன்னிக்கே என் கையைக் குலுக்கி நல்ல கோல்னாரு. உங்காளுங்ககிட்ட சொன்னா, சிநேகிதனுக்காகப் பேசறான்னு சிரிச்சாங்களாம். போன வருஷம் ரயில்ல பார்த்தப்போ, உலகநாதன்கிட்டயாவது சொன்னீங்களான்னு கேட்டேன். அதைச் சொல்லத்தான் அன்னிலேர்ந்து உங்க ஊட்டுக்கு நடந்துகினு கீறாராம்… எப்போ வந்தாலும் நீங்க ஊட்லயே இல்லியாமே சார்?"